நெறி ஏன் கட்டுது?

காலில் முள் குத்தி, அதைக் கண்டுக்காம விட்டு, ரெண்டு நாள் கழிச்சுத் தொடை இடுக்கில் ஒரு கட்டி வந்திருக்கா உங்களுக்கு? தொட்டா வலிக்கும், நடந்தா இழுத்துப் பிடிக்கும். வீட்டுப் பெரியவங்க பார்த்தா பதறவே மாட்டாங்க. "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கயோ புண்ணு இருக்கும் பாரு" என்பாங்க. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், சொன்ன மாதிரியே விரல் இடுக்கில் ஒரு வெடிப்போ, ஆறாத ஒரு முள் காயமோ இருக்கும்.

புண் இருக்கிறது பாதத்தில். வீக்கம் வர்றது தொடை இடுக்கில். நடுவில் இரண்டரை அடி தூரம். கீழே நடந்த விஷயம் மேலே எப்படித் தெரிஞ்சது? யார் போய்ச் சொன்னாங்க? இந்தக் கட்டுரை அந்த இரண்டரை அடியைப் பற்றியது.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் ஊர்தான். நான் திருக்கோவிலூர்க்காரன். எங்க பக்கத்துக் கிராமங்களில் யானைக்கால் உள்ள வயசானவங்களை இன்னிக்கும் பார்க்கலாம். அந்த நோய் கெடுக்கிறது சரியாக அந்த இரண்டரை அடிப் பாதையைத்தான். பாதை கெட்ட பிறகு, தோல் மேலே சும்மா கிடந்த கிருமிகூட ஆளைக் கட்டிலில் போட்டுடும். இது எப்படின்னு புரிஞ்சா, ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணியும் ஏன் உண்மையான மருந்துன்னும் புரியும்.

வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு அடுக்கா போவோம்.

சுவர்

நம்ம தோலோட பரப்பு கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர். ஹாஸ்டல் கட்டில் மேல விரிக்கிற மெத்தை அளவுன்னு வச்சுக்கங்க. அதோட மேல் அடுக்கு முழுக்க இறந்துபோன செல்கள். சிவில் பசங்களுக்குச் சொல்லணும்னா, தட்டையான செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கு, நடுவில் கொழுப்பு சாந்து மாதிரி பூசியிருக்கு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் இந்தச் சுவரின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு தலைமுடியோட தடிமன்கூட இல்லை. உள்ளங்காலில் மட்டும் பல மடங்கு தடிமன்.

இந்தச் சுவர் நிலையா நிற்கிறதில்லை. அடியில் புதுச் செல் பிறந்து, மேலே தள்ளப்பட்டு, கடைசியில் உதிர்ந்துபோக ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். உதிரும்போது அதில் ஒட்டியிருக்கிற கிருமியையும் கூட்டிக்கிட்டே போகும். அதோட, தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது. பி.எச். மதிப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். பல நோய்க்கிருமிகளுக்கு இது ஒத்துவராது. வியர்வையிலயும் தோல் செல்களிலயும் கிருமிகளின் சவ்வை ஓட்டை போடுகிற சின்னச் சின்னப் புரதங்கள் சுரக்குது. டெர்ம்சிடின், டிஃபென்சின்னு அதுங்களுக்குப் பேர்.

காய்ஞ்ச, புளிப்பான, உப்புக் கரிக்கிற, தினமும் உதிர்ற சுவர். இதுல யாரு குடியிருப்பா?

துண்டு போட்டு இடம் பிடிச்சவங்க

குடியிருக்காங்க, அதுவும் கோடிக்கணக்கில். எண்ணெய் வழியிற நெத்தியில் ஒரு கூட்டம், ஈரமான அக்குளில் வேற கூட்டம், காய்ஞ்ச முழங்கையில் இன்னொரு கூட்டம். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கியூட்டிபாக்டீரியம், கோரினிபாக்டீரியம், மலசீசியாங்கிற பூஞ்சை. இவங்கதான் நிரந்தரக் குடிகள். கை குலுக்கும்போதும் கம்பியைப் பிடிக்கும்போதும் ஒட்டிக்கிற கிருமிகள் வந்துபோற விருந்தாளிகள்.

பண்டிகைக்கு முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போற பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியா துண்டு போடுவாங்க இல்லையா? அப்புறம் ஏறினவங்க எவ்வளவு வாதாடினாலும் நின்னுக்கிட்டுத்தான் வரணும். நிரந்தரக் குடிகள் தோலில் செய்யறது முதலில் இதுதான். இடத்தையும் சாப்பாட்டையும் அவங்க பிடிச்சு வச்சிருப்பதால், புதுசா வர்ற நோய்க்கிருமிக்கு ஒட்ட இடம் கிடைக்கிறது கஷ்டம்.

சிலர் துண்டோட நிறுத்திக்கிறதில்லை, ஆளையே இறக்கி விடுவாங்க. கியூட்டிபாக்டீரியம் நம்ம தோல் எண்ணெயை உடைச்சுக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குது. தோலின் புளிப்புக்கு அதுவும் ஒரு காரணம். 2016-ல ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மூக்குக்குள்ள வாழற ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஒரு ஆன்டிபயாட்டிக்கைக் கண்டுபிடிச்சாங்க. லக்டுனின்னு பேர் வச்சாங்க. சீழ்க்கட்டி உண்டாக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை அது கொல்லுது. 2017-ல கலிஃபோர்னியாவின் சான் டியாகோ ஆய்வாளர்கள் இதே மாதிரி ஒரு விஷயத்தைத் தோலிலும் காட்டினாங்க. நல்ல தோலில் உள்ள குடிகள் ஆரியஸைக் கொல்லும் பொருட்களைச் சுரக்குது. கரப்பான் மாதிரி அரிப்பு நோய் உள்ளவங்க தோலில் அந்த மாதிரிக் குடிகள் குறைவா இருந்தது.

மூணாவது வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2012-ல அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஒரு சோதனை. பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளின் தோலில், புண் உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைச் செலுத்தினாங்க. அந்த எலிகளின் எதிர்ப்பு பலவீனமா இருந்தது, ஒட்டுண்ணி அதிகமாப் பெருகியது. பிறகு அதே மாதிரி எலிகளின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஒண்ணே ஒண்ணை மட்டும் குடியேற்றினாங்க. எதிர்ப்பு செல்கள் திரும்பவும் சுறுசுறுப்பா வேலை செய்ய ஆரம்பிச்சது. அதாவது வெளியே குடியிருக்கிறவங்க உள்ளே இருக்கிற காவலர்களுக்குத் தினமும் பயிற்சி கொடுத்துக்கிட்டே இருக்காங்க.

ஆனா ஒரு விஷயம். இந்த எபிடெர்மிடிஸே செயற்கை மூட்டிலோ, ரத்தக்குழாயில் போட்ட பிளாஸ்டிக் குழாயிலோ ஒட்டிக்கிட்டா பெரிய தலைவலி. தோல் மேலே காவலாளி, உள்ளே போனா திருடன். அதனால "நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா"ன்னு யோகர்ட் விளம்பரம் மாதிரி ரெண்டாப் பிரிச்சுப் பேசறது முழு உண்மை இல்லை. எந்தக் கிருமிங்கிறதோட, அது எங்க இருக்கு, அங்க காவல் வேலை செய்யுதாங்கிறதையும் சேர்த்துக் கேட்கணும்.

செய்தி கொண்டு போறவங்க

சுவரில் ஓட்டை விழுந்தா என்ன ஆகும்?

1868-ல பெர்லினில் ஒரு மருத்துவ மாணவர், கிட்டத்தட்ட நம்ம வயசு, மனுஷத் தோலைத் தங்க உப்பில் ஊறவச்சு நுண்ணோக்கியில் பார்த்தார். மேல்தோலுக்குள்ள கைகளை விரிச்ச மாதிரி கிளை கிளையான செல்கள் தெரிஞ்சது. பேர் பால் லாங்கர்ஹான்ஸ். அதை நரம்பு செல்னு நினைச்சார். அது எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்னு உலகம் தெளிவாப் புரிஞ்சுக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கும் அதுக்கு லாங்கர்ஹான்ஸ் செல்னுதான் பேர்.

இந்த செல்கள் தோலுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, செங்கல் இடுக்கு வழியா கையை நீட்டி மேலே என்ன நடக்குதுன்னு தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கும். முள் குத்தி, கிருமி உள்ளே வந்துட்டா ரெண்டு வேலை ஒரே சமயத்தில் தொடங்கும். ஒண்ணு, உடனடி. பக்கத்து செல்கள் எச்சரிக்கை கொடுக்கும், ரத்தக்குழாய் விரியும், வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமியை விழுங்கும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் இதனால்தான். சீழ்னு நாம அருவருக்கிறதில் பெரும்பகுதி சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்.

ரெண்டாவது, நிதானமான வேலை. காவல் செல் கிருமியோட ஒரு துண்டை எடுத்துக்கிட்டு இடத்தைக் காலி பண்ணும். ஒரு மெல்லிய குழாய்க்குள்ள இறங்கும். அந்தக் குழாய் பாதத்திலிருந்து கெண்டைக்கால், முழங்கால், தொடைன்னு ஏறி, தொடை இடுக்கில் உள்ள சின்ன முடிச்சுகளுக்குப் போகும். அங்க லட்சக்கணக்கான எதிர்ப்பு செல்கள் காத்திருக்கும். கொண்டுவந்த துண்டுக்குப் பொருந்துற செல் எதுன்னு தேடி, கிடைச்சதும் அது பல மடங்காப் பெருகும். பெருகினா முடிச்சு வீங்கும். வலிக்கும்.

அதுதான் நெறி.

பள்ளிக்கூடத்தில் நாம லிம்ஃப் நோடுன்னு படிச்சோம். தமிழ்ப் புத்தகத்தில் நிணநீர்க் கணு. ஊரில் நெறி. புண்ணுக்கும் கட்டிக்கும் உள்ள தொடர்பை முதலிலேயே கண்டுபிடிச்சு வச்ச சொல் இந்த மூணில் கடைசிதான். சாதாரண நெறி, காலில் உள்ள பாதை நல்லா இருக்குங்கிறதுக்கு அடையாளம். புண் ஆறினதும் தானா இறங்கிடும். இறங்காம வாரக்கணக்கில் நின்னாலோ, காரணமே இல்லாமல் வந்தாலோ டாக்டரைப் பார்க்கணும்.

பம்ப் இல்லாத டிரெயினேஜ்

அந்தக் குழாயைக் கொஞ்சம் கவனிங்க, ஏன்னா கதையே அதில்தான்.

ரத்தக்குழாயிலிருந்து நாள் முழுக்கத் திரவம் திசுக்களுக்குள்ள கசியும். அதில் ஒரு பங்கு, புரதத்தோட சேர்த்து, லிட்டர் கணக்கில் நிணநீர்க் குழாய்கள் வழியாத்தான் ரத்தத்துக்குத் திரும்புது. ரத்தத்துக்கு இதயம்னு ஒரு பம்ப் இருக்கு. நிணநீருக்குத் தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானா மெல்லச் சுருங்கும். நாம நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தும். நடுநடுவே உள்ள ஒருவழி வால்வுகள் கீழே திரும்ப விடாது. இவ்வளவுதான் ஏற்பாடு. புவியீர்ப்புக்கு எதிரா பாதத்திலிருந்து கழுத்து வரைக்கும் இப்படியே ஏறணும்.

கழிவுநீர்க் குழாயும் தபால் வழியும் ஒண்ணா இருக்கிற மாதிரி நினைச்சுக்கங்க. அது அடைச்சா தண்ணியும் தேங்கும், செய்தியும் போகாது.

புழு

வுச்செரேரியா பேங்க்ராஃப்டி. நூல் மாதிரி ஒரு புழு. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர், ஆண் அதில் பாதி. அது குடியிருக்கத் தேர்ந்தெடுத்த இடம் சாட்சாத் இந்த நிணநீர்க் குழாய்தான். அங்க பல வருஷம் உயிரோட இருந்து, கோடிக்கணக்கில் நுண்புழுக்களைப் போடும். நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளின் குழாய்களில் பதுங்கும், ராத்திரி ஆனா தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். யானைக்கால் ரத்தப் பரிசோதனைக்கு சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டுறதுக்குக் காரணம் இதுவே.

1877-ல சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் இந்தப் புழு கொசுவுக்குள்ள வளர்றதைப் பார்த்தார். ஒரு மனுஷ நோய்க்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டின முதல் கண்டுபிடிப்பு அதுதான். மலேரியாவுக்கே அது பிறகுதான் தெரிஞ்சது. ஒரு சின்னத் தகவல்: கொசு இந்தப் புழுவை ஊசி போடுற மாதிரி உள்ளே செலுத்தறதில்லை. கடிக்கும்போது புழு தோல் மேல விழும், கடிச்ச ஓட்டை வழியா அதுவே நுழையும். இங்கயும் சுவரில் ஓட்டை வேணும்.

தென்பெண்ணைக் கரையில், உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிற எங்க ஊர்ப் பேர் உலக மருத்துவ இலக்கியத்தில் இருக்கிறது இந்த நோயால்தான். 1990-களில் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது, திருக்கோவிலூரைச் சுற்றின கிராமங்களைப் பிரிச்சு ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. சில கிராமங்களில் வருஷத்துக்கு ஒரு முறை மருந்து மட்டும். சில கிராமங்களில் மருந்தோட கொசுக் கட்டுப்பாடும். கொசு முட்டையிடற கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மாதிரியான பாலிஸ்டைரீன் உருண்டைகளைக் கொட்டினாங்க. அது தண்ணி மேல போர்வை மாதிரி மிதக்கும். கொசுப் புழு மூச்சு வாங்க மேலே வரமுடியாது. 2007-ல உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவு வெளியாச்சு, தலைப்பிலேயே திருக்கோவிலூர் பேரோட. மருந்தால கிடைச்ச பலன் நிலைச்சு நின்றது கொசுவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தின இடங்களில்தான் என்பது அதன் சாரம். நம்மகிட்ட மெக்கானிக்கல், கெமிக்கல்னு படிக்கிறவங்க கவனிக்கணும்: அந்த உருண்டை ஒரு எஞ்சினியரிங் தீர்வு.

தமிழ்நாட்டில் 1990-களின் பிற்பாதியில் கடலூர் மாவட்டத்தில் முன்னோட்டமாத் தொடங்கி, டி.இ.சி. மாத்திரை வீடு வீடா கொடுக்கப்பட்டது. பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. இலங்கை 2016-ல யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிச்சதா உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இங்கயும் புதுத் தொற்று வெகுவாக் குறைஞ்சிருக்கு. ஆனா மாத்திரை புழுவைத்தான் குறைக்கும். ஏற்கெனவே வீங்கின காலை அது பழையபடி ஆக்காது.

காலைப் பெருசாக்கிறது யார்?

"புழு அடைச்சதால கால் வீங்குது"ன்னு பெரும்பாலும் எல்லாரும் நிறுத்திடுவாங்க. அது பாதிக் கதை.

புழு இருக்கிறதால குழாய் விரிஞ்சு தொளதொளத்துப் போகும். வால்வுகள் மூடாது. புரதம் கலந்த நீர் காலில் தேங்கும். இந்த நிலையில் வீக்கம் பெரும்பாலும் லேசா இருக்கும், ராத்திரி காலைத் தூக்கி வச்சுப் படுத்தா காலையில் வடிஞ்சிடும். புழு செத்தே போனாலும் குழாய் கெட்டது கெட்டதுதான்.

இப்ப அந்தக் காலின் விரல் இடுக்கைப் பாருங்க. வயலில் நாத்து நடற கால். நாள் முழுக்கச் சேறு. சேற்றுப்புண் வந்து தோல் வெளுத்துப் பிளந்திருக்கும். அதாவது சுவரில் வாசல் திறந்தாச்சு. அங்க பாக்டீரியா நுழையும், முக்கியமா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். உங்க காலிலும் என் காலிலும் நுழைஞ்சா காவல் செல் செய்தியோட ஏறும், நெறி கட்டும், ரெண்டு நாளில் முடியும். அந்தக் காலில் செய்தி போற வழி தேங்கிக் கிடக்கு. எதிர்ப்பு செல்கள் சரியா வந்துபோக முடியல. தேங்கின புரத நீர் பாக்டீரியாவுக்கு விருந்து.

விளைவு: திடீர்னு குளிர், நடுக்கத்தோட ஜுரம், கால் செவந்து தீப்பிடிச்ச மாதிரி எரிச்சல். ஊரில் இதை யானைக்கால் ஜுரம் என்பாங்க. அமாவாசை, பௌர்ணமிக்கு வரும்னு சிலர் கணக்கு வச்சிருப்பாங்க. நாலஞ்சு நாள் எழுந்திருக்க முடியாது, கூலி வேலைக்குப் போறவங்கன்னா அத்தனை நாள் சம்பளமும் இல்லை. வந்து போனதும் முடிஞ்சதுன்னு நினைப்போம். முடியல. ஒவ்வொரு ஜுரமும் மிச்சமிருந்த நல்ல குழாய்களில் இன்னும் கொஞ்சத்தைக் கெடுத்துட்டுப் போகும். கால் இன்னும் வீங்கும், தோல் தடிச்சு மடிப்பு மடிப்பா ஆகும். மடிப்புக்குள்ள காத்துப் படாது, ஈரம் காயாது, புதுப் பிளவுகள் விழும். அதாவது இன்னும் நிறைய வாசல்கள். அடுத்த ஜுரம் சீக்கிரமே வரும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது தெரியும். பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். வெளியீடு திரும்ப உள்ளீட்டைப் பெருக்குது. யானைக்கால் யானைக்கால் ஆகிறது இந்தச் சுழற்சியால்தான்.

சுழற்சின்னா எங்கயாவது ஒரு இடத்தில் வெட்டினா போதும், இல்லையா? கெட்ட குழாயை மாத்த முடியாது. காத்துல, மண்ணுல உள்ள பாக்டீரியாவை ஒழிக்க முடியாது. வெட்டக்கூடிய இடம் ஒண்ணே ஒண்ணு: வாசல். விரல் இடுக்கு. பிரேசிலின் ரெசிஃபி நகரத்திலும், நம்ம பக்கத்துக் கேரளாவின் ஆலப்புழையிலும் 1990-களில் மருத்துவர்கள் இதைச் செஞ்சு பார்த்தாங்க. காலைத் தினமும் ஒழுங்காக் கழுவித் துடைச்சுப் பராமரிக்கிறதாலேயே ஜுரம் வர்ற தடவைகள் நல்லாக் குறைஞ்சது. ஜுரம் குறைஞ்சா கால் பெருக்கிறதும் நிற்கும். ஆரம்ப நிலையில் உள்ளவங்களுக்கு வீக்கமே வடியவும் செய்யும்.

கழுவுற முறை

இதைப் படிக்கிற உங்களுக்கு யானைக்கால் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனா உங்க தெருவில், உங்க பாட்டி வீட்டுப் பக்கத்தில் யாருக்காவது இருக்கலாம். சொல்லித் தரப் போற ஆள் நீங்கதான். அதனால இதை மட்டும் கவனமாப் படிங்க.

சாதாரணத் தண்ணி, சுத்தமானது. வெந்நீர் வேண்டாம். வாசனை, காரம் அதிகமில்லாத சாதா சோப்பு. மேலிருந்து கீழே, மடிப்புக்குள்ளேயும் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் கையாலயோ மெத்தான துணியாலயோ கழுவணும். நார், பிரஷ் கூடாது, அது புது வாசல் திறக்கும். சோப்பு போற வரைக்கும் அலசணும். அப்புறம் முக்கியமான கட்டம்: துடைக்கிறது. சுத்தமான துணியால் ஒத்தி ஒத்தி, விரல் இடுக்கில் ஈரமே இல்லாமல். கழுவிட்டு ஈரத்தோட விடறது கழுவாததைவிட மோசமாகக்கூடப் போகலாம். துடைக்கும்போதே பிளவு, வெளுத்த தோல், சின்னக் காயம் இருக்கான்னு பார்க்கணும். இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, பூஞ்சைக்கோ பாக்டீரியாவுக்கோ அவங்க சொல்ற களிம்பைப் போடணும்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயரமா வைக்கணும். குதிகாலைத் தூக்கி இறக்கணும், கணுக்காலைச் சுத்தணும்; கெண்டைக்கால் தசைதான் பம்ப்னு மேலே சொன்னேனே, அது இதுக்குத்தான். இறுக்காத செருப்பு போடணும். ஜுரம் வந்துட்டா இந்தப் பயிற்சிகள் வேண்டாம். ஓய்வு, காலில் குளிர்ந்த ஈரத்துணி, நிறையத் தண்ணி, உடனே டாக்டர். ஆன்டிபயாட்டிக் அவங்க முடிவு பண்ணணும். சூடு வைக்கிறது, கீறி நீரை எடுக்கிறது, பச்சிலையைக் கட்டி மூடறது எல்லாம் புதுசா வாசல் வைக்கிற வேலை.

அரசு ஆஸ்பத்திரிகளில் பதிவு செஞ்ச நோயாளிகளுக்குத் தொட்டி, மக்கு, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கின பராமரிப்புப் பெட்டி கொடுக்கிறாங்க. முற்றிய நிலையில் உள்ளவங்களுக்குத் தமிழக அரசின் மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. பல பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் காலைக் காட்ட வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டை விட்டு வர்றதில்லை. கல்யாணத்துக்கு வராமல், வாசல் திண்ணையில்கூட உட்காராமல், புடவையை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு இருக்கிற ஆயாக்களை எனக்குத் தெரியும். தொட்டா ஒட்டிக்கும்னு அவங்களை ஒதுக்கிறவங்களையும் தெரியும். தொட்டா ஒட்டாது. கொசு வேணும், புழு வேணும், பல மாதம் பல கடி வேணும்.

நம்ம பங்கு

ஹாஸ்டலுக்கும் இதில் பாடம் இருக்கு. படர்தாமரை வந்தா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கற கலவை க்ரீம்களில் பலதில் குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிடும். அடங்கினது பூஞ்சை இல்லை, உங்க காவலர்கள். அலாரத்தை அணைச்சுட்டுத் திருடனை உள்ளே விட்ட கதை. பூஞ்சை நிதானமாப் பரவும், அப்புறம் சாதா மருந்துக்கு மசியாது. அதே மாதிரி சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் போட்டா, துண்டு போட்டு உட்கார்ந்திருந்த குடிகளையும் சேர்த்துத்தான் இறக்கி விடறோம். சோப்பு போட்டுக் குளிக்கிறதால குடிகள் அழிஞ்சிடுமோன்னு பயப்பட வேண்டாம். முடி வேர்க்கால்களுக்குள்ள இருக்கிறவங்க திரும்ப வந்துடுவாங்க. ஈர ஷூவுக்குள்ள நாள் முழுக்க ஈர சாக்ஸ் போடறதுதான் வம்பு.

மாத்திரை கொடுக்க யாராவது வீட்டுக்கு வந்தா "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே"ன்னு வாங்கி ஜன்னலில் வைக்காதீங்க. புழு உள்ளவங்களில் பெரும்பாலானவங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. கர்ப்பிணிகள், ரெண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், கடுமையா நோய்வாய்ப்பட்டவங்க தவிர மத்தவங்க அவங்க முன்னாடியே முழுங்கலாம்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, உங்க தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தா, அவங்க வீட்டுத் திண்ணையில் அஞ்சு நிமிஷம் உட்காருங்க. ஜுரம் கடைசியா எப்ப வந்ததுன்னு கேளுங்க. விரல் இடுக்கைக் காட்டச் சொல்லுங்க. சோப்பு, வாளி, காய்ஞ்ச துண்டு. மீதியை அவங்களே பார்த்துப்பாங்க.